ஐம்பதில் ஊர் திரும்ப ஆசை: எந்தப் பூட்டு எப்போது திறக்கும்?

கேள்வி: எனக்கு வயது 40. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி எங்கள் ஊர். கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வார நாட்களில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு, வெள்ளி இரவு ஊருக்கு வந்து திங்கள் விடியலில் இறங்குகிறேன். கணவரும் மாமியாரும் இரண்டு ஏக்கர் தேயிலையைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒன்பது வயது மகள் ஊரில் படிக்கிறாள். வரும் ஜூனில் பத்து முடிகிறது. சம்பளம் மாதம் 1,20,000. அதில் அடிப்படை 50,000. பி.எஃப்.பில் 14 லட்சம் இருக்கிறது. 2016 நவம்பரில் தொடங்கிய பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் 9 லட்சம். கடன் இல்லை. மாதம் 35,000 சேமிக்க முடியும். ஊரில் வீட்டுச் செலவு 40,000. ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருக்க வேண்டும். புதிய வரி முறைக்கு மாறிய பிறகு பி.பி.எஃப். போடுவது வீண் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் போட்டால் இன்னும் 50,000 ரூபாய்க்கு வரி மிச்சம் என்கிறார்கள் வங்கியில். எதைக் கேட்பது? தோட்ட வருமானத்துக்கு வரி வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்து, ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். குன்னூரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒவ்வொரு ஜனவரியும் இதே கேள்வியோடு நாலைந்து பேராவது வருவார்கள். குஞ்சப்பனை வளைவுகளில் இறங்கும்போதுதான் கணக்குப் போடத் தோன்றும் போல. உங்கள் ஆசை நியாயமானது. அதனால்தான் கணக்கைக் கொஞ்சம்கூடப் பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

முதலில் வரி. உங்கள் சம்பளத்துக்கு 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 75,000 நிலைக்கழிவு போக 13,65,000 மிஞ்சும். செஸ் சேர்த்து வரி 88,140 ரூபாய். பழைய முறையில் 80சி பிரிவின் சேமிப்புக் கழிவு 1,50,000, என்.பி.எஸ். 50,000, மருத்துவக் காப்பீடு 25,000 என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் 1,68,480 வருகிறது. நீங்கள் வாடகை கொடுப்பதில்லை, வீட்டுக் கடனும் இல்லை. ஆக, புதிய முறையில் இருப்பதுதான் சரி. வருடம் 80,000 ரூபாய் வித்தியாசம். வங்கியில் சொன்ன அந்த 50,000 கழிவு பழைய முறைக்கு மட்டும் உரியது. நீங்கள் நிற்கும் இடத்தில் அதனால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது.

உடன் வேலை பார்ப்பவர் சொன்னது பாதி சரி. பி.பி.எஃப்.பில் போடும் பணத்துக்கு இப்போது கழிவு கிடையாது. ஆனால் வட்டிக்கும், முடிவில் எடுக்கும் தொகைக்கும் எந்த முறையிலும் வரி இல்லை. 7.1 சதவீத வட்டி 2020 ஏப்ரலிலிருந்து அப்படியே இருக்கிறது. வங்கி வைப்பில் இதே வட்டி கிடைத்தாலும் உங்கள் வரம்பில் அதில் 15 சதவீதத்துக்கு மேல் வரிக்குப் போய்விடும். 80சி இல்லையென்றால் பி.பி.எஃப். எதற்கு என்று கேட்டு, இருபது வருடப் பழக்கத்தை ஒரே வருடத்தில் விட்டவர்களைப் பார்க்கிறேன். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவர்களில் பலருக்கு அதற்குப் பதிலாக வேறு எந்தச் சேமிப்பும் இல்லை.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. சீக்கிரம் ஓய்வு பெற நினைப்பவர் ஒரு கணக்கில் எவ்வளவு வரி மிச்சமாகிறது என்று பார்ப்பதற்கு முன், அதன் பூட்டு எந்த வயதில் திறக்கும் என்று பார்க்க வேண்டும். அரசு வரிச்சலுகை கொடுப்பதே பணத்தைப் பூட்டி வைப்பதற்காகத்தான். அறுபதில் ஓய்வு பெறுகிறவருக்கு அந்தப் பூட்டு தொந்தரவு இல்லை. ஐம்பதில் இறங்குகிறவர் கையில் காசில்லாமல், சாவி வரப் பத்து வருடம் காத்திருக்க நேரிடும். ஒரு தாளில் 50, 55, 58, 60 என்று வயதைக் குறுக்காக எழுதிக்கொண்டு, எந்தக் கணக்கு எதற்கு நேரே வருகிறது என்று குறியுங்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், கால் மணி நேர வேலை இது.

பி.பி.எஃப்.பை எடுத்துக்கொள்வோம். பதினைந்து வருடம் என்பது கணக்கு தொடங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து எண்ண வேண்டியது. உங்களுடையது 2016-17இல் தொடங்கியது, அதனால் 2017 மார்ச் 31இலிருந்து எண்ணி, 2032 ஏப்ரல் 1 அன்று முதிர்கிறது. அப்போது உங்களுக்கு 46. அங்கே மூடாதீர்கள். ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். முதல் நீட்டிப்பைப் பணம் போட்டுக்கொண்டே தொடரும் வகையில் எடுங்கள்; அது 2037 மார்ச் வரை போகும். அந்த ஐந்து வருடத்துக்குள், நீட்டிப்பு தொடங்கியபோது இருந்த தொகையில் 60 சதவீதம் வரை, வருடத்துக்கு ஒரு தடவையாக எடுக்கலாம். அப்புறம் அடுத்த நீட்டிப்பைப் பணம் போடாத வகையில் வைத்துக்கொண்டால், வருடத்துக்கு ஒரு முறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், மீதிக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் ஒரு காகிதம் இருக்கிறது. முதிர்ந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் நீட்டிப்புப் படிவத்தை எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் போடாத கணக்காகத் தானாக மாறிவிடும், அதற்கப்புறம் போடும் வகைக்குத் திருப்ப முடியாது. என்னிடம் வந்த ஓர் ஆசிரியை, ஒரு தனியார் பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கணக்கு முதிர்ந்தது தெரியாமல் இரண்டு ஏப்ரலிலும் ஒன்றரை லட்சம் கட்டியிருந்தார். கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள், ரசீதும் கொடுத்தார்கள். பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்தபோது பழைய தொகைக்கு வட்டி ஏறியிருந்தது, அந்த மூன்று லட்சத்துக்கு மட்டும் வட்டி இல்லை. அந்தப் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் உங்கள் பாஸ்புக் அட்டையிலேயே இன்றைக்கு எழுதி வையுங்கள்: 2032 ஏப்ரல் முதல் 2033 மார்ச்சுக்குள் படிவம்.

இன்னொரு சின்ன விஷயம். மாதத்தின் 5ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருக்கும் குறைந்த இருப்புக்குத்தான் பி.பி.எஃப். வட்டி. வரிக்காகப் போடுகிறவர்கள் எல்லாம் மார்ச்சில் மொத்தமாகப் போடுவார்கள். அதே ஒன்றரை லட்சத்தை ஏப்ரல் 5க்கு முன் போட்டால் அந்த வருடத்துக்கு மட்டும் 10,650 ரூபாய் கூடுதல். உங்களால் மாதாமாதம்தான் முடியும் என்றால் 12,500ஐ ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்ததும், 5ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள்.

அடுத்து பி.எஃப். இப்போது உங்கள் பங்கு 6,000, நிறுவனத்தின் பங்கில் ஓய்வூதியத்துக்குப் போகும் 1,250 நீங்கலாக 4,750, ஆக மாதம் 10,750 ஏறுகிறது. 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம். ஐந்து வருடத் தொடர் பணியை நீங்கள் எப்போதோ தாண்டியாயிற்று, ஆகவே எடுக்கும்போது வரி இல்லை. 2025 அக்டோபரில் அறிவித்த மாற்றத்தின்படி, வேலையை விட்டதும் 75 சதவீதம் எடுக்கலாம், மீதி 25க்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை தாங்குவதற்கு ஒரு வருடச் செலவைத் தனியாக வைத்துக்கொண்டுதான் ராஜினாமா கடிதம் எழுத வேண்டும். பலரும் கவனிக்காதது ஒன்று: வேலையை விட்ட பிறகும் பணத்தை அங்கேயே வைத்திருந்தால் 58 வரை வட்டி வரும், ஆனால் வேலையை விட்ட நாளுக்குப் பிந்திய அந்த வட்டிக்கு வரி உண்டு. எனவே ஐம்பதுக்குப் பிறகு முதலில் பி.எஃப்.பைச் செலவு செய்யுங்கள், பி.பி.எஃப்.பைப் பின்னால் தொடுங்கள்.

ஓய்வூதியத்தை நம்பிவிடாதீர்கள். பி.எஃப்.போடு சேர்ந்த அந்த மாத ஓய்வூதியம் 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்துக் கணக்கிடுவது. உங்கள் சர்வீஸ் 25 வருடத்தை ஒட்டி வந்தாலும் 58 வயதில் மாதம் ஐயாயிரம் வாக்கில்தான் கிடைக்கும். ஐம்பதிலிருந்தே வாங்க வழி இருக்கிறது. முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டுவார்கள், அதுவும் ஆயுள் முழுக்க. வேண்டாம், 58 வரை விட்டுவிடுங்கள்.

என்.பி.எஸ். உங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்றால், இப்போது தொடங்கி ஐம்பதில் மூடினால் அது முன்கூட்டிய வெளியேற்றம். சேர்ந்த பணத்தில் 80 சதவீதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மாத ஓய்வூதியமாக மாற்றியாக வேண்டும், அந்த ஓய்வூதியத்துக்கு வரியும் உண்டு. புதிய முறையில் ஒரே ஒரு வழி திறந்திருக்கிறது: நிறுவனமே உங்கள் சம்பளக் கட்டமைப்பிலிருந்து அடிப்படையில் 14 சதவீதம் வரை என்.பி.எஸ்.ஸில் கட்டினால் அதற்குக் கழிவு உண்டு. உங்களுக்கு மாதம் 7,000. வரியில் வருடம் 13,000 ரூபாய் மிச்சமாகும். அறுபதுக்கு மேல் உள்ள காலத்துக்கு மட்டும் என்று நினைத்தால் தப்பில்லை. ஆனால் மாதம் 7,000 கையில் குறையும், ஐம்பதில் இறங்கும்போது அந்தப் பணத்தில் பெரும்பகுதி கைக்கு வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதே பணத்தை வி.பி.எஃப்.பில், அதாவது பி.எஃப்.பில் என் பங்கைக் கூட்டிப் போட்டுக்கொள்வேன். உங்கள் பங்கு வருடம் இரண்டரை லட்சத்தைத் தாண்டாத வரை வட்டிக்கு வரி இல்லை. இப்போது 72,000தான் போகிறது, நிறைய இடம் இருக்கிறது. அடுத்த சம்பள உயர்விலிருந்து மாதம் 5,000 கூட்டினால் பத்து வருடத்தில் ஒன்பது லட்சம் வாக்கில் சேரும்.

சரி, இப்போது பெரிய கணக்கு. மாதம் 40,000 என்கிற செலவு, வருடம் 6 சதவீத விலையேற்றத்தில் நீங்கள் ஐம்பதைத் தொடும்போது 71,600 ஆகிவிடும். வருடத்துக்கு 8.6 லட்சம். இன்னொரு பக்கம், இதே வட்டி நீடித்தால் பி.எஃப்.பில் ஏறக்குறைய 50 லட்சம், பி.பி.எஃப்.பில் 40 லட்சம் நிற்கும். உங்கள் 35,000இல் 15,000ஐ பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் ஒரு மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாக, அதாவது மாதாமாதம் தவணையாகப் போட்டு 10 சதவீதம் வளர்ந்தால் இன்னும் 30 லட்சம். அந்தப் பத்து சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. மொத்தம் 1.2 கோடி. ஓய்வுக்குப் பிறகு பணம் விலைவாசி அளவுக்கு மட்டும் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், 1.2 கோடியை 8.6 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். பதினான்கு வருடம். உங்கள் 64 வயதில் காலியாகிவிடும்.

இதைப் படித்ததும் மனசு விட்டுப்போக வேண்டாம். ஐம்பதில் கோவை வேலையை விடலாம், வருமானத்தை முழுசாக விட முடியாது என்றுதான் இந்தக் கணக்கு சொல்கிறது. வீட்டுச் செலவில் பாதி, இன்றைய மதிப்பில் மாதம் 20,000, வேறு வழியில் வந்துவிட்டால் சேமிப்பிலிருந்து வருடம் 4.3 லட்சம் எடுத்தால் போதும். அப்போது அதே 1.2 கோடி 28 வருடம் தாங்கும், 58க்கு மேல் அந்த ஐயாயிரமும் சேர்ந்துகொள்ளும். கோத்தகிரியிலும் குன்னூரிலும் கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் ஜி.எஸ்.டி. கணக்கு எழுத ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள். என் அலுவலகத்திலேயே ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கிறது. இருபது வருடம் கணக்குப் பார்த்தவருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை வீட்டிலிருந்தே கிடைக்கும்.

அந்தப் பாதியைத் தோட்டம் கொடுக்காதா என்று கேட்பீர்கள். கொடுக்கும் வருடம் கொடுக்கட்டும். திட்டத்தில் அதைப் பூஜ்யம் என்று எழுதுங்கள். நான் தேயிலைக் குடும்பத்தில் பிறந்தவன். 1998க்குப் பிறகு பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது எங்கள் வீட்டில் பறிகூலிகூடக் கட்டாமல் செடியை வளரவிட்டோம். அப்பா இலை மூட்டையைக் கொள்முதல் இடத்தில் தராசில் ஏற்றுவார். மழைநாள் என்றால் ஈரத்துக்கென்று எடையில் ஒரு பங்கு கழிப்பார்கள், சீட்டில் மீதி எடைதான் விழும். அந்தச் சீட்டுகளை ஒரு ஆணியில் குத்தி வைத்திருப்பார். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவார். தேயிலை வாரியம் மாதாமாதம் விலை நிர்ணயிக்கிறது, கூட்டுறவு ஆலைகள் இருக்கின்றன, எல்லாம் சரி. ஆனாலும் ஜனவரியில் ஒரு வாரம் உறைபனி கொட்டினால் தாழ்வான காடுகளில் செடி கருகிவிடும், துளிர்க்க மாதக்கணக்கில் ஆகும். ஓய்வுக்காலச் சோற்றை அதன்மேல் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தோட்டத்துக்கு வரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பச்சை இலையாகவே ஆலைக்குக் கொடுக்கும் வரை அது முழுக்க விவசாய வருமானம், வருமான வரி இல்லை. இப்போது நம் பக்கத்தில் சிலர் வீட்டிலேயே கையால் உருட்டி, பதப்படுத்தி, பொட்டலம் போட்டு விற்கிறார்கள். நல்ல விலையும் கிடைக்கிறது. அப்படிச் செய்தால் சட்டம் வேறு: சொந்தத் தோட்டத்து இலையைத் தேயிலைத் தூளாக்கி விற்கும் லாபத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வியாபாரம். அந்த 40க்கு வரிக்கணக்கு காட்ட வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, ஐம்பதுக்குப் பிறகு உங்கள் வரிக்குரிய வருமானம் அவ்வளவு குறைவாக இருக்கும். பி.எஃப்., பி.பி.எஃப். எடுப்பதற்கு வரி கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்குசார் ஃபண்டில் வருடம் 1,25,000 வரையிலான லாபத்துக்கும் வரி கிடையாது, அதற்கு மேல்தான் 12.5 சதவீதம். அந்த வரம்புக்குள் வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே போகலாம்.

மாதம் 35,000இல் பி.பி.எஃப்.புக்கு 12,500, எஸ்.ஐ.பி.க்கு 15,000 போக 7,500 இருக்கிறது. அதில் 2,500ஐ மருத்துவக் காப்பீட்டுக்கு ஒதுக்குங்கள். நிறுவனம் கொடுக்கும் காப்பீடு நீங்கள் வேலையை விட்ட அன்றே நின்றுவிடும். ஐம்பதில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்த பிறகு தேடினால் பிரீமியமும் கூடும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கவும் சொல்வார்கள். இப்போதே குடும்பத்துக்குத் தனியாக ஒன்று எடுத்தால் அந்தக் காத்திருப்புக் காலம் வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தது பெரிய நிம்மதிதான். இருந்தாலும் நெஞ்சுவலி என்றால் இன்னும் பல வீட்டில் கோவைக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள், அங்கே பில் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மீதி 5,000 மகளுக்கு. இதில்தான் அவசரம் இருக்கிறது. செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பெண் குழந்தைக்குப் பத்து வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும். ஜூனுக்குப் பிறகு எந்தத் தபால் நிலையத்திலும் எடுக்க மாட்டார்கள். 8.2 சதவீத வட்டி, முழுக்க வரியற்றது. ஆனால் இதற்கும் பூட்டு உண்டு: பதினெட்டு வயதுக்குப் பிறகோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ, படிப்புக்காக இருப்பில் பாதிவரைதான் எடுக்கலாம். கணக்கு முழுசாக முதிர்வது தொடங்கியதிலிருந்து 21 வருடத்தில். அப்போது அவளுக்கு முப்பது. ஆகவே மொத்தத்தையும் அதில் போடாமல், 2,500 இதிலும் 2,500 கல்லூரிச் செலவுக்கென்று தனியாக இன்னொரு எஸ்.ஐ.பி.யிலும் போடுங்கள். கல்லூரிக்கு ஒரு வருடம் முன்பே அந்த ஃபண்டை வைப்பு நிதிக்கு மாற்றிவிடுங்கள்.

தொகையை முடிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். தொடங்க 250 ரூபாய் போதும். அடுத்த சனிக்கிழமை ஊரில் இருக்கும்போது மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான், இரண்டு புகைப்படத்தோடு கோத்தகிரி தபால் நிலையத்துக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள். வி.பி.எஃப். படிவத்தை உங்கள் மனிதவளப் பிரிவில் ஏப்ரலுக்கு முன் கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்களில் வருடத் தொடக்கத்தில்தான் மாற்ற விடுவார்கள்.